ஃபிரேசல் வெர்ப்: பாளையங்கோட்டை சாயங்கால வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். நர்சிங் முடித்து வெளிநாட்டுக்குத் தேர்வு எழுதும் பிள்ளைகள், பேங்க் தேர்வுக்குப் படிப்பவர்கள், பீடிக் கட்டைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு நேரே வகுப்புக்கு வரும் அம்மாக்கள், கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வரும் அண்ணாச்சிமார் என்று எல்லோரும் உண்டு. டென்ஸை எப்படியோ பிடித்துவிடுகிறார்கள். ஃபிரேசல் வெர்ப் வந்ததும் முகம் வாடிவிடுகிறது. வருஷா வருஷம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், அப்போதுதான் காதில் ஏறும்.

ஃபிரேசல் வெர்ப் என்றால் என்ன?

ஒரு சின்ன வினைச்சொல், அதன் பின்னால் ஒரு வால். 'கிவ்' என்றால் கொடு. 'கிவ் அப்' என்றால் கைவிடு. 'லுக்' என்றால் பார். 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள். 'ரன்' என்றால் ஓடு. 'ரன் அவுட் ஆஃப்' என்றால் கையிருப்பு தீர்ந்துபோவது. அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், அவே, பேக், ஓவர் ஆகியவை அடிக்கடி வரும் வால்கள். இலக்கணப் புத்தகத்தில் இதற்கு வேறு பெயர் இருக்கும். வகுப்பில் வால் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இது எனக்கு மட்டும்தான் கஷ்டமாக இருக்கிறதா?

உங்களுக்கு மட்டும் இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்டபோது முன்னுரையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்து அர்த்தத்தை மாற்றுவது ஆங்கிலத்தில் மிக அதிகம், வெளிநாட்டாருக்கு ஆகப் பெரிய கஷ்டம் இதுதான் என்று எழுதி, ஒரு வரிசை உதாரணமும் கொடுத்திருக்கிறார். அதில் ஒன்று 'செட் இன்': ஒன்று தொடங்கி நிலைத்துவிடுவது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றைக்கும் 'தி மான்சூன் ஹாஸ் செட் இன்' என்று எழுதுகின்றன. குற்றாலத்தில் ஒருநாள் தூறிவிட்டு வெயில் அடித்தால் அது செட் இன் ஆகாது. காற்று மாறி, மலையில் மேகம் இறங்கி, சாரல் விட்டுவிட்டு விழ ஆரம்பித்து, 'சீசன் பிடிச்சிட்டு' என்று கடைக்காரர்கள் சொல்கிறார்களே, அதுதான் செட் இன்.

சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்தால் ஏன் பிடிபட மாட்டேன் என்கிறது?

நம் ஊர் அல்வாவையே எடுத்துக்கொள்வோம். ஜங்ஷனில் ரயில் ஏறப்போகும் சொந்தக்காரர் கையில் அல்வாப் பொட்டலத்தைக் கொடுப்பது நமக்கு மரியாதை. அதே சொல்லை வைத்து 'அவன் எனக்கு அல்வா கொடுத்துட்டான்' என்றால், ஏமாற்றிவிட்டான் என்று தமிழ்நாடு முழுக்கப் புரிந்துகொள்ளும். 'அல்வா' என்பதற்கும் 'கொடு' என்பதற்கும் அகராதியில் தனித்தனியாகப் பொருள் தேடினால் ஏமாற்று கிடைக்காது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் அந்த அர்த்தம் பிறக்கிறது. ஆங்கிலத்தில் இதே இடத்தில் 'டேக் இன்' வரும். 'ஐ வாஸ் டேக்கன் இன்' என்றால் நான் ஏமாந்துபோனேன். நம்பவைத்துக் காலை வாரினால் 'ஹி லெட் மீ டவுன்'.

அல்வாவைக்கூட விடுங்கள், நம் வினைச்சொற்களே இப்படித்தான் இருக்கின்றன. 'விட்டுக்கொடு' என்பதில் எதையும் விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. 'போட்டுக்கொடு' என்றால் கோள் சொல்வது. 'கண்டுபிடி' என்றால் கண்டு, பிடிப்பது என்றா நினைக்கிறோம்? யோசிக்காமலே ஒரே சொல்லாக எடுத்துக்கொள்கிறோம். 'ஃபைண்ட் அவுட்' என்பதையும் அப்படி ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சொற்களைச் சேர்த்து மூன்றாவது அர்த்தம் எடுக்கும் வித்தை தமிழ்ப் பிள்ளைக்கு மூன்று வயதிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் புதிதாக ஒரு மூளை தேவைப்படாது என்பதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

எல்லா ஃபிரேசல் வெர்பும் புதிராக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 'சிட் டவுன்', 'கம் இன்', 'கோ அவுட்' எல்லாம் திறந்த கதவு மாதிரி, பார்த்ததும் புரியும். 'ஈட் அப்', 'டியர் அப்' போன்றவை பாதி புரியும். 'கிவ் அப்', 'புட் அப் வித்' (பொறுத்துப்போ) மாதிரி இருப்பவற்றை மட்டும் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

வால்களுக்குத் தனியாக அர்த்தம் உண்டா? தெரிந்தால் ஊகிக்கலாமே?

உண்டு. ஓரளவு ஊகிக்கவும் செய்யலாம். தமிழில் துணைவினை என்ன வேலை செய்கிறதோ, ஆங்கிலத்தில் வால் பல இடங்களில் அதையே செய்கிறது.

'அப்' என்றால் மேலே என்று படித்திருப்பீர்கள். அதோடு முழுசாக முடித்துவிடுவது என்றும் ஓர் அர்த்தம் உண்டு. 'சாப்பிடு' என்பதற்கும் 'சாப்பிட்டுவிடு' என்பதற்கும் என்ன வித்தியாசமோ, அதுதான் 'ஈட்' என்பதற்கும் 'ஈட் அப்' என்பதற்கும். தட்டில் மீதி வைக்காதே என்று பிள்ளையிடம் சொல்ல 'ஈட் இட் அப்'. காசு மொத்தத்தையும் செலவழித்துத் தீர்த்தால் 'யூஸ் அப்'. கடுதாசியைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டால் 'டியர் அப்'. நம்முடைய விடு, தீர், போடு எல்லாம் இந்த ஒரு வாலில் இருக்கின்றன.

'ஆன்' பல இடங்களில் நம்முடைய 'கொண்டே இரு'. 'கேரி ஆன்', 'கோ ஆன்', 'கீப் ஆன்' மூன்றிலும் வேலை நிற்காமல் தொடர்கிறது. நம் பக்கத்தில் ஒருவன் ஓயாமல் பேசினால் 'பேசிக்கிட்டே கெடக்கான்' என்போம். அதற்கு 'ஹி கீப்ஸ் ஆன் டாக்கிங்'. அந்தக் 'கெடக்கான்' என்பதில் கொஞ்சம் சலிப்பு தொனிக்கிறது இல்லையா? 'கீப்ஸ் ஆன்' என்பதிலும் அது தொனிக்கும்.

'ஆஃப்' என்றால் ஒட்டியிருந்தது பிரிவது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால் 'டேக் ஆஃப்'. விமானம் தரையைவிட்டுக் கிளம்பினாலும் 'டேக் ஆஃப்'. ஊருக்குப் புறப்பட்டால் 'செட் ஆஃப்'. 'அவுட்' உள்ளே இருந்தது வெளியே வருவது: மறைந்திருந்த விஷயம் தெரியவந்தால் 'ஃபைண்ட் அவுட்', சிக்கலுக்கு வழி கண்டால் 'வொர்க் அவுட்'. 'அவே' தூரமாகப் போவது, 'பேக்' திரும்பி வருவது. இந்த இரண்டும் சொன்ன சொல் கேட்கும், குழப்பாது.

இது ஒரு கைகாட்டி மரம் மாதிரி. வழியைக் காட்டும், ஊர் வரைக்கும் கூட வராது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் நின்றுவிட்டது என்றுதானே அர்த்தம்?

நேர் எதிர். அலாரம் அடித்தது என்று அர்த்தம். தமிழில் 'ஆஃப் ஆயிட்டு' என்றால் நின்றுபோனது என்று பழகியிருப்பதால் நம் காது இங்கே தவறிவிடுகிறது. இதில் தப்பு செய்யாதவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. சும்மா கிடந்தது திடீரென்று வெடித்துக் கிளம்புவதும் 'கோ ஆஃப்' தான்: வெடி வெடித்தாலும், அலாரம் அடித்தாலும் அதுதான். ஆனால் கரண்ட் போனால் 'தி பவர் வென்ட் ஆஃப்', இங்கே நீங்கள் நினைக்கும் அர்த்தமே சரி. பால் கெட்டுப்போனாலும் 'தி மில்க் ஹாஸ் கான் ஆஃப்' என்று பிரிட்டனில் சொல்வார்கள். எது என்பதை அலாரமா, கரண்டா, பாலா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாலை மட்டும் பார்த்தால் போதாது.

'ஆஃப் தி ஃபேன்' என்று சொல்லலாமா? 'டர்ன் ஆஃப் இட்' ஏன் தப்பு?

இரண்டு கேள்விக்கும் பதில் சுவிட்ச் பக்கத்திலேயே இருக்கிறது.

வீட்டில் 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்கிறோம். ஆங்கிலத்தில் சொல்லும்போது 'பண்ணு' கழன்றுவிட, 'ஆஃப் தி ஃபேன்' என்று வந்துவிடுகிறது. தலை இல்லாமல் வால் மட்டும் நிற்கிறது. தலை 'டர்ன்' அல்லது 'ஸ்விட்ச்'. 'டர்ன் ஆஃப் தி ஃபேன்' அல்லது 'ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்' என்று சொல்ல வேண்டும். பைப்பைத் திறப்பதும் இப்படித்தான். 'ஓப்பன் தி டேப்' என்பதைவிட 'டர்ன் ஆன் தி டேப்' இயல்பு.

இப்போது வால் எங்கே நிற்கும் என்று பார்ப்போம். 'டர்ன் ஆஃப் தி ஃபேன்' சரி. 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' என்பதும் சரி. ஆனால் ஃபேன் என்பதற்குப் பதிலாக 'இட்' போட்டால், அது நடுவில்தான் உட்கார வேண்டும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்று ஆங்கிலம் பேசி வளர்ந்த யாரும் சொல்ல மாட்டார்கள். 'மீ', 'ஹிம்', 'ஹெர்', 'தெம்' எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 'பிக் மீ அப் அட் தி ஜங்ஷன்' என்றால், ஜங்ஷனில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. 'வேக் ஹிம் அப்' என்றால் அவனை எழுப்பு.

சில ஜோடிகள் பிரியவே பிரியாது. 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றுதான் சொல்ல வேண்டும். 'லுக் ஹெர் ஆஃப்டர்' கிடையாது. எது பிரியும், எது பிரியாது என்று முழுசாகச் சொல்லும் விதி இல்லை. ஆனால் ஆஃப்டர், இன்டு, வித், ஃபார், அக்ராஸ் என்ற வால்கள் வந்தால் பொதுவாகப் பிரிக்காதீர்கள். அப், அவுட், அவே, பேக் வந்து, யாரை, எதை என்று கேட்டால் பதிலும் வந்தால், பெரும்பாலும் பிரிக்கலாம்.

பஸ்ஸில் ஏறுவதும் காரில் ஏறுவதும் ஏன் வேறு வேறு?

நமக்கு எல்லாமே ஏறு, இறங்கு. அவர்களுக்கு வண்டியின் உள்ளே எப்படி இருக்கிறோம் என்பது முக்கியம். நின்று நடக்க இடம் இருக்கிற பஸ், ரயில், விமானம் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிந்து உள்ளே போய் உட்கார வேண்டிய கார், ஆட்டோ என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. சைக்கிள், பைக் எல்லாம் மேலே உட்காருவதால் அங்கேயும் 'கெட் ஆன்'.

வண்ணாரப்பேட்டை ஸ்டாப்பில் இறங்கப்போகிறவர் 'ஐ வில் கெட் டவுன் ஹியர்' என்பார். இந்தியாவுக்குள் இது எல்லோருக்கும் புரியும். லண்டன் பஸ்ஸில் 'ஐம் கெட்டிங் ஆஃப் ஹியர்' என்று சொன்னால்தான் காதுக்கு இயல்பாக இருக்கும். அங்கே 'கெட் டவுன்' என்றால் மரத்திலிருந்தோ மதிலிலிருந்தோ கீழே இறங்குவது, அல்லது ஆபத்து வரும்போது 'குனி!' என்று கத்துவது. இன்னொன்று, இந்த 'கெட் ஆஃப் தி பஸ்' என்பதையும் பிரிக்கக் கூடாது.

'பாஸ் அவுட்' என்றால் காலேஜ் முடிப்பதுதானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நர்ஸ் பிள்ளைக்குத் தேர்வுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். நோயாளி பேசுவதைக் கேட்டு, முக்கியமான விவரங்களைத் தாளில் குறிக்க வேண்டும். நான் நோயாளியாக வாசித்தேன்: 'ஐ வாஸ் ஃபீலிங் ஃபைன், அண்ட் தென் ஐ பாஸ்டு அவுட் இன் தி கிச்சன்.' அவள் பேனா 'கிச்சன்' என்று எழுதிவிட்டு நின்றுபோனது. வந்த காரணம் என்ற இடம் வெறுமையாகவே இருந்தது. முடிந்ததும், 'டீச்சர், பாஸ் அவுட்னா படிப்பு முடிக்கிறதுதானே? அது எப்படி அடுப்படியில நடக்கும்?' என்று கேட்டாள். அவள் கெட்டிக்காரி. வார்டில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். மயங்கி விழுந்தவரை நேரில் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு என்னைவிட நூறு மடங்கு தெரியும். அந்த ஒரு வால் தெரியாததால், நோயாளி மயங்கி விழுந்தார் என்ற செய்தியே தாளில் ஏறவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

விஷயம் இதுதான்: நம் நாட்டு ஆங்கிலத்தில் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2022' என்றால் படிப்பை முடித்தேன். ராணுவப் பயிற்சி முடித்தவர்கள் நடத்தும் அணிவகுப்புக்குப் 'பாசிங் அவுட் பரேடு' என்று பெயர் இருப்பது அந்த அர்த்தத்தில்தான். ஆனால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அன்றாடப் பேச்சில் 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது. வெளிநாட்டு இன்டர்வியூவில் 'ஐ கிராஜுவேட்டட் இன் 2022' என்று சொல்லிவிடுங்கள். இங்கே 'பாஸ் அவுட்' சொன்னால் தப்பு என்று நான் திருத்துவதில்லை. யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

நோயாளிகள் புத்தக ஆங்கிலத்தில் பேசுவதில்லை. 'வாமிட்' என்பதற்கு 'த்ரோ அப்' என்பார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தால் 'கம் ரவுண்ட்'. காய்ச்சலில் விழுந்தால் 'கம் டவுன் வித் எ ஃபீவர்'. வீக்கம் வடிந்தால் 'தி ஸ்வெல்லிங் ஹாஸ் கான் டவுன்'. ஊசியின் வீரியம் தணிந்து வலி திரும்பினால், 'தி இன்ஜெக்ஷன் இஸ் வேரிங் ஆஃப்'. சளி வெளியே வருகிறதா என்று டாக்டர் கேட்டால் 'ஆர் யூ பிரிங்கிங் எனிதிங் அப்?' இதே 'பிரிங் அப்' வேறு இடத்தில் பிள்ளை வளர்ப்பது. 'ஷி பிராட் அப் த்ரீ சில்ட்ரன்' என்றால் மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள்.

'பாஸ் அவுட்' மயக்கம், 'பாஸ் அவே' மரணம். நர்சிங் பிள்ளைகளே, தயவுசெய்து இந்த இரண்டையும் இன்றைக்கே பத்துத் தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

'புட் ஆஃப்', 'கால் ஆஃப்' இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. 'புட் ஆஃப்' தள்ளிவைப்பது, இன்னொரு நாள் நடக்கும். 'கால் ஆஃப்' ரத்து செய்வது, நடக்கவே நடக்காது. மழை வந்து மேட்ச் அடுத்த ஞாயிற்றுக்கு மாறினால் 'புட் ஆஃப்', அதோடு முடிந்தது என்றால் 'கால் ஆஃப்'. முன்கூட்டியே நடத்த 'பிரிங் ஃபார்வர்டு'. நாம் சொல்லும் 'பிரிபோன்' இந்தியாவில் புழங்குவது. ஆக்ஸ்போர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. இருந்தாலும் வெளிநாட்டாரிடம் 'பிரிங் ஃபார்வர்டு' சொன்னால் சட்டென்று புரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரையை மீறியது. அதற்கு அடுத்த மாதம் வகுப்பில் அந்த நாட்களைப் பற்றியே ஆங்கிலத்தில் பேசச் சொன்னேன். பட்டதைச் சொல்லும்போது சொல் தானாக வந்தது. ரோடு அரித்துக்கொண்டு போனது: 'தி ரோடு வாஸ் வாஷ்ட் அவே.' ஊர் துண்டிக்கப்பட்டது: 'அவர் வில்லேஜ் வாஸ் கட் ஆஃப்.' செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது: 'தி ட்ரெயின் வாஸ் ஹெல்ட் அப் அட் ஸ்ரீவைகுண்டம்.' தண்ணீர் வடிந்தது: 'தி வாட்டர் வென்ட் டவுன்.' இந்த நான்கையும் அந்த வகுப்பில் ஒருவரும் மறக்கவில்லை.

'பஸ் பிரேக் டவுன் ஆயிட்டு' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'தி பஸ் ப்ரோக் டவுன்.'

பிக்கப், செட்டப், செக்கப், பேக்கப், பிரேக் டவுன், லாக் அவுட் என்று ஃபிரேசல் வெர்ப் நிறைய ஏற்கெனவே நம் வாயில் புழங்குகிறது. ஆனால் தமிழுக்குள் அவை பெயர்ச்சொல்லாக வந்துவிட்டன. காலம் காட்டும் வேலையை 'ஆயிட்டு', 'பண்ணினான்' என்ற தமிழ்ச் சொல் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைத் தலை செய்ய வேண்டும்: பிரேக், ப்ரோக், ப்ரோக்கன். வால் எந்தக் காலத்திலும் மாறாது. 'பேக்கப் பண்ணினேன்' என்பதை 'ஐ பேக்கப்டு' என்று சொல்லிவிடாமல் 'ஐ பேக்டு இட் அப்' என்று சொல்லுங்கள்.

உச்சரிப்பிலும் இதற்கு ஒரு சாவி உண்டு. வினையாகச் சொல்லும்போது அழுத்தம் வாலில் விழும்: 'ப்ரோக் *டவுன்*', 'டர்ன் இட் *ஆஃப்*'. பெயராகச் சொல்லும்போது தலையில் விழும்: '*பிரேக்*டவுன்', '*செக்*கப்'. 'லுக் ஆஃப்டர்' போன்ற பிரியாத ஜோடிகளில் வினையாக இருந்தாலும் பெரும்பாலும் தலையில்தான்.

'டிஸ்கஸ் அபவுட்' சரியா?

சரியில்லை. 'டிஸ்கஸ் தி ப்ராப்ளம்' போதும். 'ரிட்டர்ன் பேக்' வேண்டாம், 'ரிட்டர்ன்' என்றாலே திரும்பிவிட்டது. சமாளிப்பது என்பதற்கு 'கோப் அப் வித்' வேண்டாம், 'கோப் வித்'. 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' என்று கேட்டுப் பழகிய வாய் இங்கேயும் ஓர் 'அப்' சேர்த்துவிடுகிறது.

மெயிலில் 'லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர்' என்று எழுதினால் என்ன?

உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்று சொல்ல 'ஹியரிங்' என்று எழுத வேண்டும். அந்த 'டு' வாலைச் சேர்ந்தது, பின்னால் பெயர் வர வேண்டும். சந்தேகம் வந்தால் தீபாவளியைப் போட்டுப் பாருங்கள்: 'ஐம் லுக்கிங் ஃபார்வர்டு டு தீபாவளி.' தீபாவளி உட்காரும் இடத்தில் 'ஹியர்' உட்காராது, 'ஹியரிங்' உட்காரும்.

ஒரே 'பிக் அப்' பத்து அர்த்தத்தில் வருகிறதே, எப்படி நினைவு வைப்பது?

'போடு' என்ற சொல்லை ஒரு வெளிநாட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதாக நினைத்துப் பாருங்கள். சட்டை போடு, டீ போடு, சண்டை போடு, கோலம் போடு, கையெழுத்துப் போடு, பிரேக் போடு. அவர் திகைத்துப்போவார். நீங்கள் ஒருநாளும் குழம்பியதில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லே அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது.

'பிக் அப்' அப்படித்தான். பக்கத்தில் போன் என்றால் எடு, குழந்தை என்றால் தூக்கு, பார்சல் என்றால் போய் வாங்கி வா, மொழி என்றால் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள். 'ஹி பிக்டு அப் ஹிந்தி இன் மும்பை' என்றால், பாடம் படிக்காமல் மும்பையில் கடையில் நின்றே இந்தி பழகிவிட்டான். நம் ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் அப்படி இருப்பார்.

ஆபீஸ் கடிதத்தில் ஃபிரேசல் வெர்ப் எழுதலாமா?

எழுதலாம், ஆள் பார்த்து. 'டாலரேட்' என்ற இடத்தில் 'புட் அப் வித்' பேச்சுக்கு நல்லது, விண்ணப்பத்துக்கு அவ்வளவு பொருந்தாது. ஆனால் 'கேரி அவுட்', 'செட் அப்' இரண்டும் அரசாங்க அறிக்கையிலேயே வரும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கும் ஆங்கில மனுவில் 'கைன்ட்லி லுக் இன்டு தி மேட்டர்' என்று எழுதுகிறோமே, அந்த 'லுக் இன்டு' ஃபிரேசல் வெர்ப்தான்.

மொத்தம் எத்தனை படிக்க வேண்டும்? எப்படிப் படிப்பது?

அகராதியில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பயப்பட வேண்டாம். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்று 10 கோடிச் சொற்கள் கொண்ட ஒரு தொகுப்பு இருக்கிறது. அதை அலசி 2007-இல் வந்த ஓர் ஆய்வில், கோ, கம், டேக், கெட், புட், செட் போன்ற 20 வினைகள் 8 வால்களோடு சேர்ந்தே மொத்தப் புழக்கத்தில் பாதிக்கும் மேல் வருவதாகத் தெரிந்தது. சின்னச் சின்ன வினைகளை உறுதியாகப் பிடித்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

'கெட்' வரிசை முழுவதையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யாதீர்கள், எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். அதற்குப் பதிலாக, இடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அடுப்படிப் பக்கத்தில் கேஸ் தீர்ந்தது, 'வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்'. பால் பொங்கி வழிந்தது, 'தி மில்க் பாயில்டு ஓவர்'. சொதியைச் சூடு பண்ணு, 'ஹீட் அப் தி சொதி'. பாத்திரத்தை எடுத்து வை, 'புட் தி வெசல்ஸ் அவே'. பஸ்ஸுக்கு ஒரு பக்கம், ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கம். உங்கள் வீட்டில் அன்றைக்கு நடந்ததை வைத்தே வாக்கியம் எழுதுங்கள். பீடி சுற்றும் ஓர் அம்மா எழுதி வந்த முதல் வாக்கியம், 'ஐ ஹேண்டட் இன் மை பீடிஸ் அண்ட் கேம் ஹியர்.' ஒப்படைத்துவிட்டு வந்தேன் என்பதற்கு 'ஹேண்ட் இன்' என்று அவரே தேடிக் கண்டுபிடித்திருந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

'போயிட்டு வாரேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

'போறேன்' என்று சொல்லக் கூடாது என்று ஆச்சி கற்றுக்கொடுத்த நமக்கு இது பெரிய தவிப்புதான். வேலை முடிந்து கிளம்பும்போது கூட வேலை பார்க்கிறவர்களிடம் 'ஐம் ஆஃப்' என்றால் போதும், அவர்களுக்கு அதில் ஒரு குறையும் தோன்றாது. கொஞ்சம் மரியாதையாக 'ஐ ஹாவ் டு கெட் கோயிங்'. ஆனால் இவை இரண்டிலும் 'வாரேன்' இல்லை.

முன்னே சொன்ன அந்த நர்ஸ் பிள்ளை இப்போது வெளிநாட்டில் ஒரு வார்டில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் போனில் இதையே கேட்டாள். 'கட்டிலை விட்டு நகரும்போது வயசானவங்ககிட்ட சும்மா ஐம் ஆஃப்னு சொல்ல வாய் வரல டீச்சர்.' 'ஐ வில் பி ரைட் பேக்' என்று சொல்லச் சொன்னேன். இதோ போயிட்டு வாரேன் என்பதுதான் அது. 'வாரேன்' அந்தப் 'பேக்' என்ற வாலில் இருக்கிறது. சொல்லிவிட்டால் சீக்கிரம் திரும்பிப் போய்விட வேண்டும், அவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றும் சொன்னேன்.